பதினோராவது வளைவின் வலதுபக்கம்

போடிமெட்டு ரோட்டில் இருபத்தாறு வருசம் ஜீப்பு ஓட்டினவன் நான். ஒருதடவை மேலே ஏலக்காய் மூட்டைக்குள் மேகம் புகுந்தது தெரியாமல் தைத்துக் கொண்டுவந்துவிட்டேன். முந்தல் செக்போஸ்ட்டில் அவிழ்த்தால் அரைமணி நேரம் மழை. குடை பிடித்த அதிகாரி சாட்சி. அவர் இப்போது இல்லை. என் சாட்சிகளுக்கெல்லாம் ஆயுசு கம்மி.

சூர்யகலா என்னைத் தேடி வந்த அன்றைக்கும் இந்த மழைக் கதையைத்தான் எடுத்தேன்.

"அது வேணாம் மாமா. ஆபீசுக்கு வாங்க. எங்கம்மா கதையில ஒரு இடம் இடிக்குது."

ஆபீசு என்பது ஏலக்காய் குடோனுக்கு மேலே ஒரு அறை. கம்பெனியே இரண்டு பேர்தான், அவளும் முத்துக்கண்ணனும். நாலு வருசமாக ஒரே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதில் வருசம் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பதாம். மலை உடைந்து துண்டு துண்டாக ஆகாயத்தில் மிதக்கிறது. ஏலத்தோட்டம் ஒரு துண்டில், போடி ஒரு துண்டில். ஆறுகால் இரும்பு வண்டி ஒன்று பதினாலு கூலியாட்களோடு துண்டுக்குத் துண்டு தாவி வீட்டுக்கு இறங்கவேண்டும். ஆட்களை இடம்மாற்றி உட்காரவைத்து எடையைச் சரிக்கட்டினால்தான் தாவல் எட்டும். வண்டியோட்டிக்கு என் மூக்கு.

"வண்டிக்கு எஃப்.சி. உண்டா?" என்றேன்.

"பெருசு, ஒங்க ஜீப்புக்கே இல்ல," என்றான் முத்துக்கண்ணன்.

சூர்யகலா சிரிக்கவில்லை. பதினோராவது கட்டத்தைத் திரையில் போட்டாள். அது என் கதை.

பதினாறு வருசத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், தோட்டத்து ஆட்களை இறக்கிக்கொண்டு வந்தபோது பதினோராவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ஏழு பேர் செத்தார்கள். இவள் அம்மா மூக்கம்மாளைப் பள்ளத்தில் ஸ்டீரிங்குக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். 'அண்ணே, நீங்க பிள்ளகுட்டிக்காரருன்னு சொல்லி என்னை வெளியே தள்ளிட்டு அவ ஸ்டீரிங்கைப் பிடிச்சா' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னேன். ஊர் அழுதது. ஜீப்பு ஸ்டாண்டில் அவள் படம் இருக்கிறது. வருசாவருசம் மாலை போடுவது நான்தான். நான் சொன்ன கதைகளில் ஊர் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

"போன வாரம் கருத்தம்மா அத்தையப் பாத்தேன்," என்றாள். அன்றைக்குப் பின்சீட்டிலிருந்து உயிர் பிழைத்தவள் கருத்தம்மாள். "அம்மா ஒங்களுக்கு வலதுபக்கம் ஒக்காந்திருந்தாங்களாமே?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பதினாலு பேர் லோடு என்றால் டிரைவருக்கு வலதுபக்கமும் ஒரு ஆள் உண்டு. சீட்டு விளிம்பில் பாதி உடம்பு, ஒரு கால் வெளியே படியில். டிரைவர் நடுவில் நசுங்கிக்கொண்டு கியர் போடுவார். எங்களுக்கு அது அதிசயமே இல்லை. ஜீப்பில் ஏறாமல் படித்து வளர்ந்த பிள்ளை இவள். விளையாட்டில் அம்மாவை இடதுபக்கம் உட்காரவைத்துவிட்டாள்.

"வண்டியோட்டி உசுரோட வெளிய வந்தாத்தான் இந்தக் கட்டம் முடியும். எடதுபக்கம் வச்சா அம்மா ஒங்களத் தள்ள முடியுது. கட்டம் முடியுது. வலதுபக்கம் வச்சா, அம்மா தள்ளுற மாதிரி கம்ப்யூட்டரே நானூறு தடவ ஆடியும் முடிக்கல. அம்மாவத் தாண்டாம நீங்க வெளிய போக முடியாது மாமா."

அவள் திரையில் வளைவைத் தொட்டாள்.

"பள்ளம் எந்தப் பக்கம்?"

"எடது."

"அப்ப ரோட்டுப் பக்கம் இருந்தது எங்கம்மா. குதிச்சிருந்தா அவங்கதான..." நிறுத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு வளைவுல ஒரு ஒத்தயானை நின்னுச்சு ஆத்தா," என்று ஆரம்பித்தேன். யானை நாலடி எடுத்துவைப்பதற்குள் படுத்துவிட்டது. கருத்தம்மாளுக்குக் கண் மங்கல் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

அவள் விளையாட்டை ஓட்டும் பட்டன் பெட்டியை என் மடியில் வைத்தாள். "நீங்களே முடிச்சுக் காட்டுங்க. எடம் மாத்துறதுக்கு இந்தப் பட்டன்."

வண்டி வளைவுக்கு வந்தது. இடதுபக்கக் கால்கள் வழுக்கின. எனக்கு யோசனையே தேவைப்படவில்லை, கட்டைவிரல் தானாகப் போனது. என் மூக்கு வைத்த ஆள் வலதுபக்கத்துப் பெண்ணின் புஜத்தைப் பிடித்து உள்ளே, தன் சீட்டுக்கு இழுத்தான். அவள்மேல் ஏறி வலதுபக்கம் வெளியே தாவினான். அவள் முகத்துக்கு நேரே ஸ்டீரிங். வண்டி ஆறு காலையும் தூக்கிக்கொண்டு கீழே போனது.

டிங் டிங் என்று ஒரு பாட்டு. மஞ்சள் பூ கொட்டியது. 'கட்டம் முடிந்தது' என்று எழுத்து வந்தது.

முத்துக்கண்ணன் அவசரமாகச் சத்தத்தை அணைத்தான்.

சூர்யகலா என் பக்கம் திரும்பினாள். "அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"'அண்ணே, என்ன பண்றீங்க'ன்னா."

"பிள்ளகுட்டின்னு சொல்லலையா?"

"இல்ல."

"என்னயப் பத்தி?"

"அதுக்கு நேரமில்ல ஆத்தா."

எழுந்து செருப்பைத் தேடினேன். அவள் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒக்காருங்க. இன்னொருக்காப் போட்டுக் காட்டுங்க," என்றாள். "மெதுவா."

பெட்டியை எடுத்துக்கொண்டேன். வண்டி மறுபடியும் மேலேயிருந்து இறங்க ஆரம்பித்தது, பதினாலு பேரோடு.