தெரிந்தே கலந்தது

கொட்டச்சேடு என்ற மலைக்கிராமத்தில் காவேரிக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். அதில் விளைவதைத் தென்கொரியாவில் காப்பிக்கடை நடத்தும் மினா வாங்கிவந்தாள். முதல் வருடம் நேரில் வந்து, காவேரியின் வீட்டிலேயே தங்கிப் பழம் பறித்துவிட்டுப் போனவள். அதற்குப் பிறகு குடித்துப் பார்க்க மாதிரிகூடக் கேட்டதில்லை.

இந்த முறை களத்தில் காய்ந்த கொட்டையில் ஒரு பங்கு மார்கழி மழையில் நனைந்து பூசண வாடை அடித்தது. கப்பல் தேதியோ நெருங்கிவிட்டது. மறுபடி காயவைத்து நல்ல கொட்டையோடு கலந்துவிடலாம் என்றான் கணவன் மாதேஷ். வறுத்தால் வாடை போய்விடும் என்று காவேரியும் மனதைத் தேற்றிக்கொண்டு தன் கையாலேயே கலந்தாள்.

சரக்கு போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்து மினா வீடியோவில் அழைத்தாள். அவள் பேசிய ஆங்கிலத்தைக் காவேரியின் மகள் ரம்யா தமிழில் சொன்னாள். காப்பியில் வாடை வருகிறதென்று வாடிக்கையாளர்கள் திருப்பித் தந்துவிட்டார்களாம். தன் கிடங்கில் ஈரம் கசிந்திருக்க வேண்டும் என்றும், நல்ல சரக்கைத் தானே கெடுத்துவிட்டதாகவும் சொல்லி, மினா தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்லைன்னு சொல்லு கண்ணு," என்றாள் காவேரி. அதற்குமேல் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாதேஷுக்கு நிம்மதி. "அவிங்களே பழிய ஏத்துக்கிட்டாங்க. நாம எதுக்கு வாயத் தொறக்கோணும்?"

அந்த வாரக் கடைசியில் மினா ஒரு படம் அனுப்பினாள். கிடங்கின் தரையை இடித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த சரக்கைப் பத்திரமாக வைப்பேன் என்று கீழே எழுதியிருந்தது.

மறுநாள் காவேரி, மினாவை அழைக்கச் சொல்லி ரம்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெடங்குல கோளாறு இல்ல. நனைஞ்ச கொட்டைய நாந்தான் கலந்தேன். தெரிஞ்சேதான் கலந்தேன். அப்படியே சொல்லு."

ரம்யா சொல்லவில்லை. அம்மாவையே பார்த்தாள். "அன்னிக்குப் பரவால்லைன்னு என்னையச் சொல்ல வெச்சியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும் சாமி."

ரம்யா திரும்பி, தணிந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள். பெற்ற மகளின் வாயிலிருந்து அது வெளிவர வெளிவரக் காவேரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

முதலில் அழைத்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று மட்டும் மினா கேட்டாள். மழை, கப்பல் தேதி என்று எதையும் காவேரி சாக்காகச் சொல்லவில்லை.

"தப்பிச்சுட்டோம்னு இருந்துச்சு," என்றாள் காவேரி. ரம்யா அதையும் சொன்னாள். மினா தலையசைத்துவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

அடுத்த அறுவடைவரை பேச்சே இல்லை. பிறகு மினாவிடமிருந்து சுருக்கமாக ஒரு செய்தி வந்தது. கொஞ்ச மூட்டைதான் வேண்டுமாம். ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி வரவேண்டும், குடித்துப் பார்த்த பிறகே முடிவாம். இவ்வளவு சந்தேகமா என்று மாதேஷ் முனகினான். காவேரி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்தாள். ஒன்றில் லேசாக வாடை இருக்குமோ என்று சந்தேகம் தட்டியது. அந்த மூட்டையின் மாதிரியோடு, இது தனக்குத் திருப்தியில்லை என்றும் ரம்யாவை எழுதவைத்தாள்.

மினா அந்த மூட்டையை விட்டுவிட்டு மற்றதை வாங்கிக்கொண்டாள். சொன்னதற்கு நன்றி என்று பதில் எழுதியிருந்தாள். ரம்யா அதைப் படித்துக் காட்டியபோது காவேரி, போன முறை சொல்லாததை நினைத்துக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.