நாற்பது மணி எழுபத்து நான்கு நிமிடம்

2019ஆம் ஆண்டு ஜூன் 20, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, சைகோன் ஞத்தாவ் சந்தையிலுள்ள லியூவின் தையல் சாமான் கடையில் ஏழாவது சோதனை முடிந்தது. மேசைக் கடிகாரம் ஒளிர்ந்தது. அது காட்டிய நேரம் நாற்பது மணி எழுபத்து நான்கு நிமிடம்.

குவே கண்ணை மூடிக்கொண்டாள். பதினொரு மாதங்களாக அவள் வடிவமைத்துவந்த கடிகாரம் அது. வருங்காலம் இப்படித்தான் இருக்கும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் நம்பிய கண்ணாடிக்குழாய்க் கடிகாரத்தின் சாயல். குழாய்க்குப் பதிலாக மலிவான அக்ரிலிக் தகடுகள். ஓர் இலக்கத்துக்குப் பத்துத் தகடுகள், தகட்டுக்கு ஓர் எண் செதுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு விளக்கு. வாங்குகிறவரே பாகங்களை அடுக்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்பதால்தான் விலை குறைவு.

கூட்டாளி துவானோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஏழு பேரில் ஒருவராவது பிறர் உதவியின்றிச் சரியாகப் பூட்டாவிட்டால், அவன் ஆள் வைத்துப் பூட்டி, இரு மடங்கு விலைக்கு விற்பான். அந்த விலைக்குத் தையல்காரிகளோ பள்ளி ஆசிரியர்களோ வாங்கமாட்டார்கள். அவர்களை நினைத்துத்தான் குவே முதல் கோட்டை வரைந்திருந்தாள். ஆறு பேர் ஏற்கெனவே தவறாகப் பூட்டியிருந்தார்கள், அனைவரும் ஒரே விதமாக. ஏழாவது ஆள் லியூ.

"நாப்பது மணி ஆயிடுச்சு. கடைய மூடுங்க லியூ அக்கா," என்றான் துவான்.

லியூ சிரிக்கவில்லை. "நான் ஒழுங்காத்தான் தம்பி அடுக்கினேன். முன்னால பூஜ்யம், கடைசில ஒன்பது. இருபது வருஷமா நம்பர் பாத்து ஜிப் அடுக்குறவ நான்."

"செய்முறைத் தாள்ல வேற வரிசை போட்டிருக்கேக்கா. முதல்ல மூணு, அப்புறம் எட்டு, ஒன்பது, நாலு..." என்றாள் குவே.

"பாத்தேன். அச்சுல ஏதோ பிசகிடுச்சுன்னு நெனச்சேன். மூணுலேர்ந்து எவ எண்ணுவா?"

"சிவப்புல பெருசா எழுதியும் பாத்தாச்சு," என்று துவான் முனகினான். "யாரும் நம்பமாட்டேங்கிறாங்க."

"பழைய குழாய்ல அப்படித்தான்கா இருக்கும். எண் மாறும்போது ஒரு தடவ முன்னால வரும், ஒரு தடவ உள்ள போகும். அந்தத் துள்ளலுக்காகத்தான்..."

"துள்ளுறதுக்கு வீட்ல ரெண்டு பேரன் இருக்கான். இது மணி காட்டட்டும்."

வாதாடக் குவேயிடம் தெம்பில்லை. பொத்தான் தட்டுகளை ஒதுக்கி மடிக்கணினியைத் திறந்து, நிரலில் பத்து எண்களின் வரிசையை மட்டும் லியூ அடுக்கியபடி மாற்றினாள். கடிகாரம் மூன்று மணி முப்பத்தொரு நிமிடம் என்றது. நிமிடம் மாறும்வரை மூவரும் காத்திருந்தார்கள். ஒன்று அணைந்து, அதற்கு நேர் பின்னால் இருந்த தகட்டில் இரண்டு எரிந்தது. துள்ளல் இல்லை. அந்தத் துள்ளலுக்கு அவள் செலவிட்டவை இரண்டு மாதங்கள்.

"அக்கா பூட்டினதுல நான் கை வைக்கல, துவான்," என்றாள்.

துவான் குனிந்து தகடுகளின் வரிசையைச் சரிபார்த்தான். "கை வைக்கல," என்று ஒப்புக்கொண்டான்.

முடிவு இதுதான்: தகடுகள் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை வரிசையாக நிற்கும். வரிசையை விளக்கும் பகுதி தாளிலிருந்து நீக்கப்படும். கடிகாரம் பூட்டப்படாமல், பெட்டியிலேயே, பழைய விலைக்கே விற்கப்படும்.