வளர்பிறைக்காகத் தள்ளிவைத்த கல்யாணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் போர்க்காலக் காதல் கதை முட்டைக்கோஸிலிருந்து பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்குப் பரணில் பழைய காதல் கடிதக் கட்டு கிடைக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கனடாவின் கிழக்குக் கரையில், லூனன்பர்க்கில், என் அடுத்த வீட்டுக்காரி ஆல்டினா கோஸை உப்புப் போட்டுப் புளிக்கவைப்பதை நான்கு நாள் தள்ளிவைத்தாள். தேய்பிறையில் போட்டால் பீப்பாயில் நீர் மேலே எழும்பாதாம்.

"கல்யாணத்துக்கும் இப்படித்தான் நாள் பாப்பீங்களா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"பின்ன? கல்யாணம் என்ன, கோஸை விட மட்டமா?"

அந்த நிமிடமே என் கதாநாயகி வெர்னா கார்க்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: "1942. உலகமே தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த வேளையில், இரண்டு இதயங்கள்—"

அடித்துவிட்டேன். உலகம் எரிந்த வேளையில் லூனன்பர்க் மீன் காயவைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: வெர்னாவுக்கும் மாலுமி ஃப்ரீமனுக்கும் அக்டோபர் எட்டாம் தேதி கல்யாணம் என்று இருந்தது. தேய்பிறை என்று சொல்லிப் பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்தவள் வெர்னா. பத்தாம் தேதி ஃப்ரீமனின் விடுப்பு ரத்தாகிவிட்டது. ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சுக்குள்ள துறைமுக வாசலுக்கு வந்துடு. பாதிரியாரை நான் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல கேக்காத, சொல்லக்கூடாது."

இது நிற்கட்டும். தள்ளிவைத்தது அவள், தவறிப்போனால் நிலாவைத் திட்ட முடியாது.

3

திங்கட்கிழமை ரயிலில் அவளுக்கு எதிரே கத்பர்ட் ஹார்டிங் என்ற ஹாலிஃபாக்ஸ் கனவான். கடலோரக் கண்காணிப்புக் குழுவின் தலைவர். [குழுவின் செயலாளரும் ஒரே உறுப்பினரும் அவரே. கையில் கட்டியிருந்த பட்டையைத் தைத்தது அவர் மனைவி.]

வெர்னாவின் முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. பேச்சில் அந்த வாடை மட்டும் இன்னும் ஊர்விட்டுப் போகவில்லை. அவள் "ஜன்னலைச் சாத்தலாமா?" என்று கேட்டதுமே ஹார்டிங்கின் காது விடைத்தது. அவள் மடியிலிருந்த பஞ்சாங்கத்தை எட்டிப் பிடுங்கினார். பிறைப் படங்கள், கடல் ஏற்ற இறக்க நேரங்கள், தேதிகளைச் சுற்றி மையால் வட்டங்கள்.

"இந்த வட்டமெல்லாம் என்ன அம்மணி?"

"கோஸ் போட்ட நாளுங்க."

"கோஸா! இது?"

"பன்னி அறுத்தது."

"இன்னைக்கு மட்டும் ரெட்டை வட்டம் போட்டிருக்கே?"

வெர்னாவின் முகம் சிவந்தது. "கல்யாணமுங்க."

ஹார்டிங் புன்னகைத்தார். கோஸ், பன்றி, கல்யாணம். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தகவல் அனுப்புகிறவர்கள் எவ்வளவு சாமர்த்தியமாகப் பெயர் வைக்கிறார்கள்!

4

இங்கே என் பதிப்பாளர் குறுக்கிட்டார்: சந்தேகப்படுகிறவனுக்கே காதல் வந்தால்தான் நாவல் விற்குமாம். முயன்று பார்த்தேன். "ஹார்டிங்கின் நீல விழிகள் அவள் விழிகளைச் சந்தித்தபோது—"

முடியவில்லை. அவருக்கு வயது அறுபத்திரண்டு, இடது கண்ணில் புரை. மேலும் வெர்னா அவரைப் பார்க்கவே இல்லை. அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் பரிசோதகரும் வண்டியின் கார்டுமான டைட்டஸ் நாஸை வரவழைத்தேன். அவரும் லூனன்பர்க்காரர். ஹார்டிங் பஞ்சாங்கத்தை அவர் மூக்கருகே நீட்டி, "பாத்தீரா?" என்றார்.

டைட்டஸ் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். "அடப் பாவமே. ஏம்மா பொண்ணு, போன மாசம் பதினொண்ணுலயா கோஸ் போட்டே? ஒரு நாள் பொறுத்திருக்கலாமே. பதினொண்ணுல பிறை கண்ணுக்கே தெரிஞ்சிருக்காதே."

"அம்மாவும் அதையேதான் சொன்னாங்க மாமா."

"ஓ," என்றார் ஹார்டிங். "ஆக, ரெண்டு பேரு!"

"ஊர் முழுக்கவே அப்படித்தாங்க," என்றார் டைட்டஸ்.

[ஒற்றர்களின் எண்ணிக்கை ஒரே வாக்கியத்தில் இரண்டாயிரமானது.]

செஸ்டர் நிலையத்தில் ஹார்டிங் இறங்கினார், காவல்துறைக்குத் தொலைபேசி செய்ய. "நான் வர்ற வரைக்கும் வண்டி நகரக் கூடாது!" டைட்டஸ் தொப்பியைத் தொட்டு வணங்கினார், தன் கடிகாரத்தைப் பார்த்தார், பச்சைக் கொடியை அசைத்தார். ஹார்டிங்கை அப்படியே நடைமேடையில் விட்டுவிட்டேன். இனி அவர் கதைக்குத் தேவையில்லை. இதை அவரிடம் சொல்லும் துணிவு மட்டும் எனக்கு இல்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். முதலாவதில் துறைமுகத் தேவாலயம், மோதிரம், பொறுமையிழந்த பாதிரியார். இரண்டாவதில் வெறும் தண்ணீர். இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன. அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு கப்பல் நிற்கிறதா, போய்விட்டதா என்று வெளியே சொல்வது அந்தக் காலத்தில் குற்றம். நாளிதழ்களே ஹாலிஃபாக்ஸின் பெயரைச் சொல்லாமல் "கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்று" என்றுதான் எழுதின. நான் சட்டத்தை மதிப்பவன்.

ஆகவே, துறைமுக வாயில் காவலரை நான் எழுதவில்லை. அந்த இடம் உங்களுக்கு. தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள். கப்பல்துறை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பினால் எல்லாம் தெரிந்துவிடும். வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. மணி நாலு ஐம்பது. ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்து, மூச்சு வாங்க உங்கள் முன்னால் நிற்கிறாள்.

"அண்ணே, கப்பல் இருக்கான்னு கேக்க மாட்டேன். சொல்லக்கூடாதுன்னு தெரியும். நான் இன்னும் ஓடணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."