ஆறு வயதுக்கான பச்சைப் பட்டை

விடுதி வரவேற்பில் நின்ற பெண், குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டும் பச்சைப் பட்டையைக் கையில் எடுத்தாள். ஜொனெல்லை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"ஆறு வயசுன்னு போட்டிருக்கு," என்றாள். "இவளுக்கா? ஸ்கூல்ல இவ என்னைவிட ரெண்டு கிளாஸ் கீழ."

வெர்லினுக்கு முகம் சுட்டது. டொராண்டோவிலிருந்து தொலைபேசியில் அறை கேட்டபோது குழந்தைக்கு என்ன வயது என்றார்கள். ஆறு என்று சொல்லிவிட்டாள். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் தானாக வந்தது. அவள் தொபாகோத் தீவை விட்டுப் போனபோது மகளுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு, பத்து வருடம் கழித்து, நேற்றுத்தான் விமான நிலையத்தில் பார்த்தாள். தன்னைவிட ஒரு சாண் உயரமான பெண் வந்து, "பயணமெல்லாம் வசதியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"மாத்திக் கொடுங்க," என்றாள் வெர்லின்.

"வேணாம்," என்று ஜொனெல் கையை நீட்டினாள். "கட்டு, அலீத்தியா. பச்சை நல்லாத்தான் இருக்கு."

"காலைல ஒன்பது மணிக்கு மூஞ்சில பெயிண்ட் அடிப்பாங்க. புலியா, பட்டாம்பூச்சியா? இப்பவே சொல்லிடு."

"உன் மூஞ்சி மாதிரி அடிக்கச் சொல்லு. பிள்ளைங்க பயந்து வீட்டுக்கு ஓடட்டும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஜொனெல் அம்மா பக்கம் திரும்பினாள். சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "இடம் ரொம்ப அழகா இருக்கு. தேங்க்ஸ்," என்றாள்.

அறையில் தடுப்புக் கம்பி வைத்த சின்னக் கட்டில். அதன்மேல் ஆமை வடிவில் மடித்த துண்டு. பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியும் மண்வெட்டியும். ஜொனெல் அந்தக் கட்டிலில்தான் படுத்தாள். முழங்காலுக்குக் கீழே முழுக்க வெளியில் இருந்தது.

நான்கு நாட்கள் எல்லாவற்றுக்கும் போனார்கள். மணல்கோட்டைப் போட்டியில் ஜொனெல் நாலு வயதுக் குழந்தைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து அகழி தோண்டினாள். கடலுக்குள் குதிரைச் சவாரி போனாள். வாளியின் கைப்பிடியைச் சுற்றித் தேங்காய் ஐஸ்கிரீம் செய்தாள். ஆமைகளைப் பற்றிய படக்காட்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து, பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் இருந்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் தேங்க்ஸ் சொன்னாள். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. வெர்லினுக்கு அதுதான் பயமாக இருந்தது.

டொராண்டோவில் அவள் செய்த வேலையே பிள்ளை பார்ப்பதுதான். இரண்டு பையன்கள் இருந்த ஒரு வீடு. அவர்களை நீச்சலுக்குக் கூட்டிப் போனாள், மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போனாள், பனிச்சறுக்குக்கு ஷூ கட்டிவிட்டாள். முதல் ஏழு வருடம் அவளிடம் அங்கே தங்குவதற்கான காகிதம் இல்லை, அடுத்த மூன்று வருடம் விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. ஊருக்கு வந்தால் திரும்பப் போக முடியாது. அதனால் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு பீப்பாய் நிறையச் சாமான் அனுப்பினாள். அரிசி, சோப்பு, துணி, ஷூ. ஷூ அளவை அவளே ஊகித்து வாங்கினாள். ஒன்றுகூடப் பொருந்தியதில்லை என்று மகளும் சொல்லவில்லை, மகளை வளர்த்த அக்கா மார்வாவும் சொல்லவில்லை. தேவாலயத்தில் கொடுத்துவிட்டார்களாம். இந்த வாரம்தான் தெரிந்தது.

இப்போது காகிதம் வந்துவிட்டது. மகளை அழைத்துக்கொள்ளும் படிவம் கைப்பையின் உள்ஜிப்பில் இருந்தது. ஜொனெல்லின் கையெழுத்து மட்டும் பாக்கி. மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பிறகு வாய்ப்பில்லை என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஞாயிறு விமானம். வெள்ளிக்கிழமைப் படகுப் பயணத்தில் கேட்டுவிடுவது என்று வெர்லின் முடிவு செய்தாள்.

அடியில் கண்ணாடி பதித்த படகுகள் ஸ்டோர் பே கரையிலிருந்து கிளம்பும். அங்கேதான் மார்வா நண்டும், டம்ப்ளிங் என்ற மாவு உருண்டையும் விற்கிறாள். அவர்கள் கடையைத் தாண்டும்போதே சத்தம் வந்தது.

"ஏய், தொப்பி எங்கடி?"

"உன் தலைல தேடு," என்று ஜொனெல் திரும்பாமலே கத்தினாள்.

"கிட்ட வா, கரண்டியால ஒண்ணு வைக்கிறேன்."

"உன் டம்ப்ளிங்கால வை. அதுதான் கல்லு மாதிரி இருக்கு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மார்வா தங்கையைப் பார்த்து, "சாயங்காலம் சாப்பிட வா," என்று மெதுவாகச் சொன்னாள்.

படகுக்காரன் ஆல்ஸ்டன் வெர்லினை உற்றுப் பார்த்தான். "மார்வாவோட தங்கச்சியா நீ? கனடாக்காரங்க உன்னைத் துவைச்சு வெளுத்துட்டாங்களே."

"நீ மட்டும் என்ன. பல்லெல்லாம் எங்க போச்சு?"

"உன்னை நினைச்சு ஏங்கி ஏங்கி ஒவ்வொண்ணா விழுந்துடுச்சு. ஏறு, ஏறு."

"இவளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் கொடு ஆல்ஸ்டன். தண்ணின்னா இவளுக்குப் பயம்," என்றாள் வெர்லின்.

ஆல்ஸ்டன் ஜொனெல்லைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையை அசைத்தாள். அவன் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். அவள் போட்டு, மூன்று கொக்கியையும் மாட்டிக்கொண்டாள்.

படகில் ஓர் ஆங்கிலேயக் குடும்பமும் இருந்தது. இரட்டைப் பையன்கள், ஐந்து வயதிருக்கும். கண்ணாடிக்குக் கீழே பவளப்பாறை சாம்பல் பூத்துக் கிடந்தது. முன்பு ஊதாவும் மஞ்சளுமாக இருந்தது வெர்லினுக்கு நினைவிருந்தது. ஜொனெல் கண்ணாடியில் குனிந்து, "அந்தப் பச்சை மீன் பேரு என்ன?" என்று கேட்டாள். வெர்லின் சந்தோஷமாகச் சொன்னாள்.

கரை சின்னதாகத் தெரியும் தூரத்தில் நைலான் பூல். நடுக்கடலில் இடுப்பளவுத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல். ஆல்ஸ்டன் நங்கூரத்தைப் போட்டுவிட்டுத் தினமும் சொல்வதைச் சொன்னான். "இதுல முங்கினா பத்து வயசு குறையும். குறையலைன்னா உங்க வீட்டுக் கண்ணாடியில கோளாறு."

வெர்லின் மகளின் கையைப் பிடித்து இறக்கினாள். டொராண்டோப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுபோலவே, "மல்லாந்து படு. பயப்படாத, நான் பிடிச்சிருக்கேன்," என்றாள்.

ஜொனெல் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெர்லின் தன் உள்ளங்கைகளை அவள் முதுகுக்குக் கீழே கொடுத்தாள். தண்ணீருக்குள் கனம் அதிகமில்லை. ஆனாலும் கனம் இருந்தது. பத்து வருடமாக இல்லாத கனம். அப்படியே நின்றுகொண்டிருந்தாள், கை மரத்துப்போகும் வரை.

"ஜொனெல்!" என்று ஆல்ஸ்டன் கூப்பிட்டான்.

இரட்டையரில் ஒருவன் காற்றடைத்த வளையத்தோடு மணல்திட்டின் ஓரத்தைத் தாண்டிவிட்டான். அங்கே தண்ணீர் கருநீலம். நீரோட்டம் அவனை மெல்ல இழுத்துப் போனது. அவனுக்கு இன்னும் பயம் வரவில்லை, கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெர்லினின் கையில் கனம் இல்லை. ஜாக்கெட் மட்டும் மிதந்தது. ஜொனெல் திட்டின் ஓரம்வரை நீருக்கடியிலேயே போய், ஆழத்தில் எழுந்து, நீளமாகக் கை வீசிப் போனாள். வளையத்தைப் பிடித்து, ஒரு கையால் நீந்தி, பையனைக் கொண்டுவந்து அவன் அப்பாவிடம் கொடுத்தாள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"ரெண்டு வருஷமா சனிக்கிழமை இவதான் என் படகுக்குக் காவல்," என்று ஆல்ஸ்டன் அந்தத் தகப்பனிடம் பெருமையாகச் சொன்னான். அப்புறம்தான் வெர்லினைப் பார்த்தான். நங்கூரக் கயிற்றைச் சரிசெய்யப் போய்விட்டான்.

ஜொனெல் திரும்பி வந்தாள். மிதந்துகொண்டிருந்த ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று கொக்கியையும் மாட்டினாள்.

"மறுபடி பிடிங்க," என்றாள்.

"நீந்தத் தெரியும்னு ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையாச் சொல்லிக் கொடுத்தீங்க."

"அந்த மீன் பேரு? அதுவும் தெரியுமா?"

ஜொனெல் குனிந்து கொக்கிகளைச் சரிபார்த்தாள்.

இப்போது கேட்கக் கூடாது என்று வெர்லினுக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள். "என்னோட கனடாவுக்கு வர்றியா? கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"நீங்க சொன்னா வர்றேன்."

"உனக்கு இஷ்டமா?"

"எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க. வரலைன்னு எப்படிச் சொல்றது."

"சொல்லு. என்னைத் திட்டணும்னாலும் திட்டு. ஷூ பத்தல, கட்டில் பத்தலைன்னு கத்து."

"எனக்கு அப்படியெல்லாம் கத்த வராது."

"மார்வாகிட்ட வருதே."

"அது டான்ட்டி," என்றாள் ஜொனெல். பெரியம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கரைக்கு வந்ததும் மார்வா ஆரம்பித்துவிட்டாள். தலை ஈரம், தொப்பி இல்லை, காலையில் ஒன்றும் தின்றிருக்க மாட்டாள். ஜொனெல் பதிலுக்குக் கத்திக்கொண்டே மேடையைச் சுற்றி உள்ளே போய், கொக்கியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டி, மாவை உருட்ட உட்கார்ந்தாள். வெர்லின் வெளியே சுற்றுலாக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். மார்வா பெரிய கொடுக்காகப் பார்த்துப் போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் காகிதக் கைக்குட்டை வைத்தாள். விருந்தாளிகளுக்கு அப்படித்தான் வைப்பாள்.

"கேட்டியா?" என்றாள் மார்வா.

"கேட்டேன். வர்றேன்னு சொன்னா."

மார்வா சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். "சரி. நாளைக்குத் துணியெல்லாம் எடுத்து வைக்கிறேன்."

"வேணாம். நான் கூட்டிட்டுப் போகல."

"பைத்தியமா உனக்கு? பத்து வருஷம் வெர்லின். அங்க படிப்பு இருக்கு. இங்க என்ன இருக்கு, நண்டு இருக்கு."

"நான் கூட்டிட்டுப் போக வந்தது ஆறு வயசுப் பிள்ளையை."

மார்வா துடைத்த துணியை நாலாக மடித்தாள். உள்ளே மாவு உருட்டும் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உருட்டத் தொடங்கியது.

"அது என்னடி கைல?" என்று மார்வா உள்ளே பார்த்துக் கத்தினாள். "பச்சையா, ஆட்டுக்குக் கட்டுற மாதிரி. மாவுல படுது பாரு."

ஜொனெல் நண்டு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெர்லினுக்கு முன்னால் நின்றாள். "வெட்டிடலாமா? ஞாயிறு வரைக்கும் இருக்கணும்னா இருக்கட்டும்."

"வெட்டு," என்றாள் வெர்லின்.

பட்டை நண்டு ஓடுகளுக்கு மேலே விழுந்தது. மணிக்கட்டில் வெளுத்த கோடு ஒன்று இருந்தது.

"தேங்க்ஸ்," என்றாள் ஜொனெல்.

பட்டைக்கா, மற்றதுக்கா என்று வெர்லின் கேட்கவில்லை. நண்டு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டாள்.