மடக்கிய கட்டைவிரல்

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கி வந்த இருவரையும் சவுந்தரம் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அவர்கள் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மகள் நட்டாலியைப் பார்த்தார்கள். மாதா கோவிலில் பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பாயான் பாரு சாலையெல்லாம் இந்நேரம் நெரிசலாக இருக்கும்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்லா,” என்றாள் சவுந்தரம்.

நட்டாலிக்கு அம்மாவை நினைத்துத்தான் பயம். மருத்துவமனையில் அப்பா இறந்ததிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஜெபமாலை சுற்றியிருந்த அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று நட்டாலிக்குத் தெரியும்.

அப்பா செபாஸ்டியன் இருபது வருடத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் அவருடைய கூட்டாளிகளெல்லாம் காவலாளி வேலைக்குப் போனார்கள். இவர் தொலைக்காட்சி நாடகத்தில் காவலாளியானார். லிட்டில் இந்தியாவில் வெளிநாட்டு நோட்டு மாற்றும் கடை வாசலில், கொள்ளையன் சுட, சரிந்து விழுந்து சாவதுதான் முதல் வேடம். அதை வீட்டில் பார்த்து சவுந்தரம் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நோர்மா ஓடி வந்துவிட்டாள். செத்தவரோ அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நாடகத்திலிருந்து அவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். சாகும்போது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொள்வார். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே என்று சவுந்தரத்துக்கு மட்டும் சொல்லும் சைகை அது. அதன்பின் சவுந்தரம் திரையில் அவர் கையைத்தான் தேடுவாள். “வெரல் உள்ளதான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு மீன் பொரிக்கப் போய்விடுவாள். போலீஸ்காரராக, லாரி ஓட்டுநராக, கடன்பட்ட தகப்பனாக எத்தனையோ தடவை செத்தார். காய்கறி வாங்கும் பாசாரில் அவரைக் கண்டால் ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள்.

வாசலில் இயக்குநர் சந்திரசேகரன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “சாவுற சீனுக்கு நான் ரெண்டு பக்கம் வசனம் எழுதிக் குடுப்பேன். இவரு ‘குண்டு பட்டவன் இவ்ளோ பேச மாட்டான் தம்பி, தண்ணி கேப்பான்’னு சொல்லிட்டு, தண்ணின்னு ஒரே வார்த்த சொல்வாரு. செட்ல ஒருத்தனும் மூச்சு விட மாட்டான். அப்படி ஒரு நடிகர் இனிமே எங்க கெடைக்கப் போறாரு.”

நட்டாலி அம்மாவின் தோளைத் தொட்டாள். “பாதர் காத்திருக்காரும்மா.”

“வெரல் வெளிய இருக்கு பாரு,” என்றாள் சவுந்தரம்.

அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த முகம்மது கனி, மூலையில் உட்கார்ந்திருந்தவர், தடியை ஊன்றி எழுந்து வந்தார்.

“அந்தக் கட்டவெரலயா பாக்குற தங்கச்சி?”

“ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“அது காட்டுல நாங்க வெச்சிருந்த சாடை. தாய்லாந்து பார்டர்ல எதிரிக்குக் கேட்டுரும்னு வாயத் தொறக்கக் கூடாது, கைதான் பேசும். ஒரு நாள் இவன் தொடையில குண்டு வாங்கிட்டு சேத்துல கெடக்கான். நான் கிட்டப் போவப் பாத்தேன். வெரல உள்ள மடக்கிக் காட்டுறான். நான் நல்லாருக்கேன், நீ போ. அதான் அர்த்தம்.”

“நல்லாவா இருந்தாரு?”

“எங்கலா. ரத்தம் நிக்கவே இல்ல. நான் போவணும்னுதான் அப்படிக் காட்டுனான். நான் போயி ஆளக் கூட்டியாந்ததாலதான் ரெண்டு பேரும் பொழச்சோம்.”

சவுந்தரம் மறுபடி செபாஸ்டியனின் கைகளைப் பார்த்தாள்.

“எங்கிட்ட பாதிதான் சொல்லிருக்காரு,” என்றாள். “நீ போங்கறதச் சொல்லவே இல்ல.”

பிறகு குனிந்து, முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். மடங்கியிருந்த சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். அவள் கண்ணீர் அவர் சட்டையில் விழுந்தது. துடைக்கவில்லை. சுவரோரம் நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவர்கள் மூடியைத் தூக்கி வந்தார்கள். சவுந்தரம் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. மூடி கிட்டே வந்தபோதுதான் கையை எடுத்தாள்.

வெளியே வந்தும் அவள் அந்த விரல்களை விரிக்கவில்லை. கார்க் கதவை நட்டாலிதான் திறந்துவிட வேண்டியிருந்தது.