மேஜர் குரைக்காத மாசம்

இல்லக்கா, மங்க வேலைய விடப்போறன் எண்டு முடிவெடுத்தது நாய் கடிச்சதுக்குப் பிறகில்ல, அதுக்கு முன்னமே. ஊரெல்லாம் அத மாத்தித்தான் பறையிறாங்க. நாய் கடிச்ச பயத்தில பிள்ள ஓடப்பாக்குது எண்டு. சும்மா கத, பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தெரியும். நாய் கடிக்கக்குள்ள அவள் மனசால எப்பவோ வேலைய விட்டிட்டாள், உடம்புதான் பழக்கதோசத்தில சைக்கிள் உழக்கி வந்துபோச்சு.

மங்க எண்டா மங்கையற்கரசிதான், செட்டிபாளையத்தில வாவிப்பக்கம் வீடு, தகப்பன் மீன்பிடி. ஒரு தொண்டு நிறுவனம் அவளக் கூப்பிட்டு, மட்டக்களப்பு டவுனில வெச்சு கவுன்சிலிங் படிப்பிச்சு, ஊர்ப் பல்நோக்கு மண்டபத்தில ஒரு மேசையும் ரெண்டு பிளாஸ்டிக் கதிரையும் ஒரு பெட்டி டிசுவும் குடுத்து இருத்திச்சு. டிசு அழுறாக்களுக்காம். வந்த சனம் ஒண்டும் அதில கண்ணத் துடைக்கல்ல. அழுகை வந்தா சீலத்தலைப்பு இரிக்கு, சால்வ இரிக்கு. டிசு மங்க வடையில எண்ண ஒத்தி எடுக்கத்தான் உதவின.

சரி, சனம் என்னத்துக்கு வந்த? நாரிப்பிடிப்பு, நெஞ்செரிவு, ஆடு கழியுது, கோழி தூங்குது. ஆமி, செல்லடி, இயக்கப் பொடியன்மார், காணாமப்போனவன், ஒண்டும் வாயில வராது. மங்கைக்கு மருந்து குடுக்கத் தெரியாது, புத்தி சொல்லவும் கூடாது. படிப்பிச்ச வெள்ளக்காரி ரெண்டு விசயம் திருப்பித்திருப்பிச் சொன்னவவாம். ஒண்டு, வாறவங்க சொல்லுறத அப்பிடியே திருப்பிச் சொல்லுங்க, அவங்களுக்கே வெளிக்கும். மற்றது, சனம் தன்ர நோவ நேர சொல்லாது, வேற ஒண்டுல ஏத்தித்தான் சொல்லும்.

முதலாவத அவள் ஆடு வளக்கிற சின்னத்தங்கத்தில பரிசோதிச்சுப் பாத்தாள். சின்னத்தங்கம் ஆடு கழியுது புள்ள எண்டா, ஆடு கழியுறது உங்களுக்குக் கவலையாக் கிடக்கு எண்டு மங்க திருப்பிச் சொல்லுவாள். ஓம் கழியுது எண்டா, ஓம், கவலையாக் கிடக்கு எண்டுவாள். மனிசி மேலயும் கீழயும் பாத்திட்டுப் போய் கிணத்தடியில சொல்லிச்சாம், அந்தப் புள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம் போல, எல்லாத்தையும் ஒருக்காச் சொல்லிப் பாத்துத்தான் விளங்குது, பாவம் எண்டு.

அதோட மங்கைக்கு வயிறு எரியத் துவங்கிற்று. படிக்கக்குள்ளயே அவளுக்கு இந்தக் குணம், ஒரு வருத்தத்தப் பத்திப் படிப்பிச்சா அண்டைக்கு ராவே அது அவளுக்கு வந்திரும். பதட்ட நோய் படிச்ச கிழம பதட்டம், மனச்சோர்வு படிச்ச கிழம பாயில இருந்து எழும்பல்ல. இப்ப குடல்புண் எண்டு தானே முடிவெடுத்திட்டாள். தாய் சொன்னா, ஊராக்கள்ற கவலயெல்லாத்தையும் விழுங்கினா எரியாம என்ன செய்யும், பேசாம மாமன் சொன்ன சங்கக்கடை வேலைக்குப் போ, அங்க சீனிதான் கேப்பாங்க எண்டு. நிறுவனத்துப் பொறுப்பாளர் றவூப்பிட்ட நான் நிக்கமாட்டன் போல எண்டு மங்க வாயால சொல்லியும் போட்டாள். அவர் நல்ல மனிசன். மாச முடிவில வாறன், யோசிச்சு வையுங்க எண்டிட்டுப் போயிற்றாரு.

இந்தக் கட்டத்தில வந்தவர்தான் கோணாமலை. வாவியில வல போடுற மனிசன், பெஞ்சாதி செத்துப்போயிற்றா, மகனத் தொண்ணூறாம் ஆண்டு ஆமி றவுண்டப்பில பிடிச்சுக்கொண்டுபோனது, இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்ல. மிச்சம் இரிக்கிறது ஒரு கிழட்டு நாய். பேர் மேஜர். அந்தப் பேரால மனிசன் படுற பாடு வேற. ஆமிக்குக் கேட்டாலும் பிரச்சின, பொடியன்மாருக்குக் கேட்டாலும் பிரச்சின, ரோட்டில கண்டா மணி, மணி எண்டுதான் கூப்பிடுவாரு. நாய் திரும்பியும் பாக்காது.

அவர் வந்து இருந்து சொன்னது இவ்வளவுதான். மேஜர் குரைக்குதில்ல, தின்னுதில்ல, வாயால வாணி வடிச்சிட்டுக் கிடக்கு. மங்கைக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிற்று. வெள்ளக்காரி சொன்ன ரெண்டாவது விசயம் நடந்து வந்து கதிரையில குந்தியிரிக்கு! குரைக்காதது ஆரு, தின்னாதது ஆரு, எல்லாம் இந்த மனிசன்தானே. அவள் விடல்ல. கிழமைக்கு ஒருக்கா வரச்சொன்னாள். அவரும் நாய்க்கு மருந்து வருமெண்டு வந்து வந்து போனாரு. வீட்ட மேஜர் எலும்பும் தோலுமாகுது, இஞ்ச இவள் மனிசன்ர சின்ன வயசக் கேட்டுக்கொண்டிரிக்காள்.

கடைசியில, அடுத்தமுற நாயையும் கூட்டி வாங்க மாமா எண்டாள். அதுவும் வைத்தியத்துக்கில்ல, மனிசன் நாயோட எப்பிடிப் பழகுறாரெண்டு பாக்க. மேஜர் வந்து மேசைக்குக் கீழ விழுந்துது. மங்க குனிஞ்சாள், மூக்கில அடிச்சுது ஒரு நாத்தம். மீன்காரன்ர மகளுக்கு அது தெரியாத நாத்தமா? வாய விரிச்சுப் பிடியுங்க மாமா எண்டு உள்ள பாத்தா, மேலண்ணத்தில குறுக்கால ஒரு கெளுத்தி முள்ளு, சுத்திவரச் சீழ். விரல விட்டு இழுத்தாள். முள்ளும் வந்திச்சு, வந்த கையோட கடியும் விழுந்திச்சு. மறுகா மேஜர் எழும்பிப்போய் வாளித் தண்ணிய வத்தக் குடிச்சுது.

கோணாமலை கோவப்படல்ல. முள்ளத் திருப்பித்திருப்பிப் பாத்திட்டு மெல்லச் சொன்னாரு.

"வாயால வாணி வடியுது எண்டு நான் முதல் நாளே சொன்னன் மனே. நீங்க, மகனப் பத்திச் சொல்ல வாய் வருதில்லையோ எண்டு என்னக் கேட்டீங்க."

மங்கைக்கு நிலம் பிளந்தா நல்லமெண்டு இருந்திச்சு. இனி என்ன, சங்கக்கடைதான்.

கடிச்ச கையில சீலத்துண்டு சுத்தி பஸ் ஏறி, கல்லடிப் பாலத்தில இறங்கி ஆமிக்கு ஐடென்ரி காட்டி, திருப்பி ஏறி ஆசுபத்திரிக்குப் போனா, டொக்டர் காயத்தச் சவுக்காரம் போட்டுக் கழுவி டெட்டனஸ் ஏற்பு ஊசி ஒண்டு போட்டாரு. முள்ளால வந்த வாணிதான் போல, எண்டாலும் நாயப் பாத்துக்கொள்ளுங்க, அது ரெண்டு கிழமைக்கு நல்லா இருந்தா நீங்களும் நல்லா இருப்பீங்க, மாறாட்டம் ஏதும் கண்டா உடன ஓடி வாங்க எண்டாரு. மங்கைக்கு இது போதாதா? விசர்நாய் கடிச்சாத் தண்ணிக்குப் பயம் வருமெண்டு, விடிஞ்சா எழும்பி முதல் வேல வாவிக்கரைக்குப் போய்த் தண்ணியப் பாக்கிறது. பயமா இரிக்கா? கொஞ்சம் இரிக்குப் போல. ஒரு மிடறு குடிச்சுப் பாப்பம். தாய் தலையில கைய வெச்சா.

அண்டையில இருந்து கோணாமலை ஒவ்வொரு நாளும் வல இழுத்து முடிச்சு மண்டபத்துக்கு வருவாரு. மேஜர் சோறு திண்டுது. மேஜர் பூனையத் துரத்திச்சு. மங்க, வாணி வடியுதா, கண் சிவப்பா, ஆரையும் கடிக்கப் பாத்துதா எண்டு கேள்விமேல கேள்வி கேப்பாள். மனிசன் எல்லாத்துக்கும் ஆறுதலாப் பதில் சொல்லுவாரு. சொல்லி முடிச்சும் எழும்பமாட்டாரு. இவளும் கெட்டித்தனமா ஒண்டும் கேக்கிறல்ல, அவள்ற மூளையெல்லாம் நாயிலதான்.

போன கிழம ஒருநாள் வந்தாரு. மேஜர் ராவு குரைச்சுது எண்டாரு. மங்க சந்தோசத்தில கதிரைய விட்டே எழும்பிட்டாள். மனிசன்ர முகத்தில சந்தோசத்தக் காணல்ல.

"அவனக் கொண்டுபோகக்குள்ள மேஜர் குட்டி. குரைக்கப் பாத்துது. நான் அதுர வாயப் பொத்திப் பிடிச்சிட்டு வேலிப் பத்தைக்குள்ள கிடந்தன் மனே. நாயையும் குரைக்க விடல்ல, நானும் குரைக்கல்ல. இப்ப அது வாய மூடினவுடன, அண்டைக்கு நான் பொத்தினதுதான் இண்டைக்குப் பலிச்சிரிக்கு எண்டு நெனச்சன்."

மங்க அதத் திருப்பிச் சொல்லல்ல. கதிரையில திரும்பக் குந்தினாள். பிறகு அவர் சால்வையால மூக்கத் துடைச்சிட்டு, மத்தியானத்துக்கு மேஜருக்கு இறால்தலை அவிக்கோணும் எண்டிட்டுப் போயிற்றாரு. அடுத்த நாளும் வந்தாரு. நாயப் பத்தி ஒரு சொல்லுச் சொல்லல்ல, மகனப் பத்தியே பறைஞ்சாரு, வெயில் ஏறும்வரைக்கும்.

இப்ப மங்க சோறு தின்னாம இத யோசிச்சிட்டு இரிக்காள். அவள் பிழைவிட்டவள், அது மெய். அவள்ற படிப்பால ஒரு நாய் கிழமக்கணக்காப் பட்டினி கிடந்த. ஆனா அவள் பிடிச்சதும் மெய்தானே, மனிசனுக்குள்ள அது கிடந்த. முதல் நாளே முள்ள எடுத்திருந்தா நாய்க்கு அண்டைக்கே சுகமாகியிருக்கும், மனிசன் ஒரு கும்பிடு போட்டிட்டு வீட்ட போயிருப்பாரு, கத முடிஞ்சிருக்கும். அவள் கடி வாங்கிப் பயந்துபோய் நாயப் பத்தியே கேட்டுக்கொண்டு இருந்ததாலதான் அவர் வாய் திறந்தாரு எண்டா, அது அவள்ற கெட்டித்தனமா, மேஜர்ர கெட்டித்தனமா? நான் சொன்னன், போகாத, ஆனா முதல்ல எல்லார்ர வாயையும் பாரு எண்டு. அவள் சிரிக்கல்ல.

நாளைக்கு விடிய றவூப் வாறாரு. சங்கக்கடையில கதிர காலியாத்தான் கிடக்கு. மேஜருக்கும் நல்ல சுகம். சொல்லுங்களன், அவள் நிக்கிறதா போறதா, நீங்க என்ன நெனக்கிறீங்க?