கடைசியில் ஓர் ஆரோக்கியப் பாட்டு

அந்த வருடங்களில் சியோலில் எந்த இசைத்தட்டு வெளிவந்தாலும் கடைசியில் ஓர் ஆரோக்கியப் பாட்டு இருந்தாக வேண்டும். சட்டம் அப்படி. நீங்கள் காதலில் தோற்றுப் புலம்பலாம், கிடாரை அலற விடலாம். முடிவில் மட்டும் ஒரு கூட்டம் வந்து நாடு செழிக்க உழைப்போம் என்று பாடிவிட்டுப் போகும். கம்பெனிகளிடம் அதற்கென்றே ஒலிநாடா தயாராக இருக்கும், வெட்டி ஒட்டிவிடுவார்கள். அந்த இடம் வந்ததும் ஜனங்கள் ஊசியைத் தூக்கிவிடுவார்கள். நான் டிரம்ஸ் வாசிப்பவன். என் கை பட்ட இசைத்தட்டுகளிலேயே அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டதில்லை.

ஹே-சுக் அப்படி விடவில்லை.

அவள் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே கிடார் வாசித்துப் பாடுகிறவள். சொந்த ஊர் காங்வான் மலையில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அவளுடைய தம்பி யுன்-பே அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தான். உள்ளே தீப்பிடித்தபோது, தீ பரவக்கூடாது என்று நிர்வாகம் சுரங்கத்தின் அந்தப் பகுதியைச் சுவரெழுப்பி மூடிவிட்டது. யுன்-பே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான். உடல் கடைசிவரை வரவில்லை.

எங்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்தால், அவர் உடுத்திய சட்டையை எடுத்துக்கொண்டு யாராவது கூரைமேல் ஏறுவார்கள். வடக்கே பார்த்து, பேரைச் சொல்லி, திரும்பி வா என்று மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றாவது அழைப்புக்கும் வராவிட்டால் போனவர் போனவர்தான். அதன்பிறகு அழலாம். யுன்-பேயைக் கூப்பிட அவன் அம்மா விடவில்லை. சித்தப்பா ஏணியை எடுத்து வந்தபோது அதைப் பிடுங்கி எறிந்தாளாம்.

"பொணத்த காட்டிட்டுக் கூரை மேல ஏறு. உசுரோட இருக்கறவன ஏன்டா கூப்பிட்டு அனுப்பி வைக்கிறீங்க?"

அன்றிலிருந்து தினமும் ஒரு கிண்ணம் சோறு வடித்து, மூடி போட்டு, அடியில் தீ மூட்டிச் சூடாக்கிய தரையில் போர்வைக்கடியில் வைத்திருக்கிறாள். வேலையிலிருந்து தாமதமாக வரும் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி. மறுநாள் அந்த ஆறிப்போன சோற்றை அவள் தின்பாள், புதுச் சோறு போர்வைக்கடியில் போகும்.

"அம்மா இன்னும் ஒரு சொட்டு அழலண்ணே," என்றாள் ஹே-சுக் ஒருநாள், ஒலிப்பதிவுக்கூடத்தில் நூடுல்ஸ் ஊதிக்கொண்டே. "யாராவது அவன கூப்பிட்டு முடிக்கணும். அப்பதான் அந்தக் கிண்ணம் அலமாரிக்குப் போகும்."

"அதுக்கு ராக் பாட்டா? பூசாரிக்குச் சொல்லி அனுப்பு."

"பூசாரிய வாசல்லயே தொடப்பத்தால அடிச்சிடும். ரேடியோவ அடிக்குமா?"

இதற்காகத்தான் அந்த இசைத்தட்டே. எல்லாப் பாட்டும் வந்து சேர்கிற இடம் தம்பியைப் பற்றிய பாட்டு. அதன் முடிவில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, அவள் மட்டும் மூன்று முறை அவனைக் கூப்பிடுவாள்.

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு குளியல் விடுதிக்குக் கீழே இருந்த நிலவறை. மேலே யாராவது பக்கெட்டைக் கவிழ்த்தால் அந்தச் சத்தம் எங்கள் நாடாவில் விழும், மறுபடி முதலிலிருந்து வாசிப்போம். என் டிரம்ஸின்மேல் ராணுவக் கம்பளி போர்த்தியிருந்தார்கள். அடுப்பில் கெட்டில் சத்தம் போடுகிறது என்று பதிவின்போது அடுப்பையே வெளியே எடுத்துவிடுவார்கள், குளிரில் விரல் மரத்துப்போகும். அந்த அடுப்பில் எரியும் நிலக்கரி வில்லைகளை மட்டும் ஹே-சுக் தொட மாட்டாள். அணைந்தால் நான்தான் மாற்ற வேண்டும். காரணம் கேட்கிற அளவுக்கு நான் மடையன் இல்லை.

பாடல் வரிகள் தணிக்கைக்குப் போயின. தம்பியின் பாட்டு மட்டும் திரும்பி வந்தது. மக்கள் மனதில் இருளை விதைக்கிறதாம். மலையைக் குடைந்து மனிதனை உள்ளே வைத்து மூடினால் இருள் இல்லை, அதைப் பாடினால் இருள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிரம் குச்சியை ஒடித்தேன். என் குச்சிதான், நஷ்டமும் எனக்குத்தான்.

கம்பெனி முதலாளி மேங் வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்தப் பாட்ட தூக்கிட்டு ஜாலியா ஒண்ணு போடும்மா. கடைசிக்கு வழக்கமான கூட்டுப்பாட்ட ஒட்டிக்கலாம்."

ஹே-சுக் கிடாரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, "அந்த ஆரோக்கியப் பாட்ட நானே பாடறேன் முதலாளி," என்றாள்.

"என்ன, திடீர்னு திருந்திட்டியா?"

"அத யாரும் தணிக்கை பண்றதில்லல்ல?"

"அதுல என்னம்மா இருக்கு தணிக்கை பண்ண? அவங்களே குடுத்த பாட்டு."

அது ஒரு விடியல் பாட்டு. பொழுது விடிந்தது, எழுந்திரு தோழா, வேலை அழைக்கிறது என்று போகும். அவள் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. நான் அணிவகுப்புக்கு அடிக்கிற மாதிரி அடித்தேன். கடைசி வரி முடிந்ததும் கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள். வடக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"யுன்-பே, எழுந்து வா. யுன்-பே, எழுந்து வா. யுன்-பே, வீட்டுக்கு வா."

குளியல் விடுதியில்கூட அப்போது ஒரு பக்கெட் உருளவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மேங் மட்டும் தொடையைத் தட்டினார்.

"சோம்பேறிப் பையன எழுப்பி வேலைக்கு அனுப்பற மாதிரியே இருக்கு. பிரமாதம்மா."

இசைத்தட்டு வந்தது. வானொலியில் எங்கள் பாட்டு எதையும் போடவில்லை, கடைசிப் பாட்டைப் போட்டார்கள். அதிகாரிகளுக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் பிரதிகள் போயின. காங்வானில் அந்தச் சுரங்க நிர்வாகமும் காலை வேலைக்கு ஆள் இறங்கும் நேரத்தில் ஒலிபெருக்கியில் அதை வைத்தது. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு எந்த யுன்-பே என்று ஞாபகமில்லை. செத்தவர்களின் பேரை மனதில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

தொழிலாளர்களுக்கு ஞாபகம் இருந்தது. சுவர் எழுப்பிய அன்று கல் எடுத்துக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. கொஞ்ச நாள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். பிறகு ஒரு காலை, பாட்டு முடிந்து அந்தக் குரல் கூப்பிட்டதும், வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏற மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அதன்பிறகுதான் மேலே இருப்பவர்களுக்கு விளங்கியது. ஒலிபெருக்கி நின்றது, கடைகளிலிருந்து இசைத்தட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். ஹே-சுக்கையும் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது அவளுக்கு இடது காது கேட்கவில்லை. பேசுகிறவர்கள் பக்கம் வலது காதைத் திருப்பினாள். கிடாருக்குச் சுருதி சேர்க்கப் பார்த்தாள், முடியவில்லை, உறையில் போட்டாள்.

"ஊருக்குப் போலாம்ணே," என்றாள். "அம்மா கேட்டிருக்கும். கிண்ணம் அலமாரிக்குப் போயிருக்கும். அத ஒரு தடவ பாத்தா போதும்."

நானும் அப்படித்தான் நம்பினேன். ரயிலில் போனோம், காலையில் இறங்கினோம். பனியின்மேல் கரித்தூள் படிந்து ஊரே அழுக்காகக் கிடந்தது.

அம்மா வாசலிலேயே நின்றாள், சுரங்கம் இருந்த பக்கம் பார்த்தபடி. எங்களைக் கண்டதும் மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். தரையில் விரித்திருந்த போர்வையின் நடுவே மேடு தெரிந்தது. பக்கத்தில் காய்ந்த முள்ளங்கிக்கீரை சூப், கிம்ச்சி, ஒரு வறுத்த மீன். முன்பெல்லாம் கிண்ணம் மட்டும்தான் இருக்குமாம். இப்போது முழுச் சாப்பாடு.

"எங்கடி போயிட்ட?" என்றாள் அம்மா. "தினம் விடியக்காலம் எவ்வளவு அழகா கூப்பிட்டுட்டிருந்த. நானும் தினம் வாசல்ல போய் நின்னேன். அவனுக்குக் காது கேட்டுடுச்சு, வர ஆரம்பிச்சுட்டான். அங்கேருந்து பாதி வழி வந்துட்டான்டி. அப்ப போய் ஏன் நிறுத்தின?"

ஹே-சுக் வலது காதைத்தான் அவள் பக்கம் வைத்திருந்தாள். எல்லாம் கேட்டது.

"அம்மா, மூணு தடவ கூப்பிட்டா முடிஞ்சுதும்மா."

"எங்க மூணு? நீ எத்தன நாள் கூப்பிட்ட. முடிக்கறதுக்கா கூப்பிட்ட?"

ஓர் அழைப்பை இசைத்தட்டில் பதித்தால் அது மூன்றோடு நிற்காது என்று, வாழ்நாள் முழுக்க இசைத்தட்டு செய்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா பெட்டியைத் திறந்து யுன்-பேயின் சட்டையை எடுத்தாள். துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதை மகளின் கையில் திணித்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய், அன்று பிடுங்கி எறிந்த ஏணியைத் தானே இழுத்து வந்து கூரையில் சாய்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஹே-சுக் என்னைப் பார்த்தாள். அவள் ஏறினாள். சட்டையை உயர்த்தி, வடக்கே பார்த்து, தம்பியை மூன்று முறை கூப்பிட்டாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. பெண்கள் வெளியே வந்து, அழலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

அவள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவதற்குக் காலைக் கீழே வைத்தாள். அங்கே ஏணிப்படி தட்டுப்படவில்லை. அம்மா ஏணியைக் கூரையிலிருந்து விலக்கிப் பிடித்திருந்தாள்.

"இன்னும் கூப்பிடு," என்றாள்.